மாதுங்காவின் வாழையிலை

ஊரைப் பிரிந்து பம்பாய்க்கு எழுத்தர் வேலை தேடி வந்த தமிழ் இளைஞர் பலர்க்கு, மாதுங்காவில் இராமா நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஓர் ஆறுதலிடமாயிற்று. அவர்தம் ஏக்கத்தைத் தணித்தது இலையில் விழுந்த கூட்டும் பொரியலுமா, பக்கத்து இலையிற் கேட்ட தாய்மொழியா என நாம் ஐயுற்றதுண்டு.

2017-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று இவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்திற்று. மனச்சோர்வுற்ற 67 பேருள் ஒரு சாரார் காய்கனி, பருப்பு, முழுத்தானியம் மிகுந்த உணவுக்கு 12 வாரம் வழிகாட்டப் பெற்றனர்; மறுசாரார் பேச்சுத்துணை பெற்றனர். முன்னவருள் 32 விழுக்காட்டினரும் பின்னவருள் 8 விழுக்காட்டினருமே சோர்வு நீங்கினர். சிறிய ஆய்வுதான், எனினும் காய்கறியின் பக்கமே தராசு சாய்ந்தது.

அவ்வுணவில் மீனும் இருந்தது. சைவர் பெருமிதங்கொள்ள இடமில்லை. தாராவியில் தோல் பதனிட்ட நெல்லைத் தமிழரின் கருவாட்டுக் குழம்பையும் முருங்கைக்கீரையையும் இக்கணக்கிற் சேர்க்கலாம்.