கல் தேடிப் போனவர்கள்

ஆனந்த குமாரசுவாமியை நாங்கள் கலைக்காரராகவே வைத்திருக்கிறோம். நடராசர், பொஸ்ரன் அருங்காட்சியகம், சிங்களக் கலை பற்றிய பெரிய நூல் என்று அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும். அவர் சுத்தியலோடு சப்ரகமுவ மலைகளில் திரிந்த வருடங்கள் நினைவுக் கூட்டங்களில் ஒரு வரியாக வந்து போகும். அந்த ஒரு வரிக்குள் மொன்றியலும் இருக்கிறது.

கொழும்பில் 1877இல் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். இரண்டு வயதில் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். 1900இல் லண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்துப் பட்டம் பெற்றார். சில வருடங்களில் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் இயக்குநராகத் திரும்பி வந்தபோது இருபதுகளின் நடுவில் இருந்தார்.

இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கம் கிடைக்கும் சரளைப் படையைச் சிங்களத்தில் 'இல்லம்' என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது வீடு. எத்தனையோ வீடுகளில் உலை வைத்ததும் அதுதான். குழியிலிருந்து அள்ளிய சரளையைக் கூடையில் இட்டுச் சுழற்றி அலசும்போது, பாரமானவை எல்லாம் அடியில் தங்கும். அவற்றுள் சிறிய, சதுரமான கறுப்பு மணிகளும் இருந்தன. 1904இல் அவை குமாரசுவாமியின் கவனத்துக்கு வந்து லண்டன் போயின. அங்கே விண்ட்ஹாம் டன்ஸ்ரன் ஆராய்ந்து, இது புதிய கனிப்பொருள் என்று கண்டு 'தோரியனைற்' என்று பெயர் வைத்தார். பெரும்பகுதி தோரியம், கொஞ்சம் யுரேனியம், உள்ளே அடைபட்ட ஹீலியம்.

அதே லண்டனில் வில்லியம் ராம்சேயிடம் வேலை பழக வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர், தோரியனைற்றிலிருந்து பிரித்தெடுத்த உப்பில் புதிய கதிரியக்கப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தார். ரேடியோதோரியம் என்று அதற்குப் பெயர். அந்தக் கையோடு 1905 இலையுதிர் காலத்தில் அவர் வந்து சேர்ந்த இடம் மொன்றியல், மக்கில் பல்கலைக்கழகத்தில் ஏர்னெஸ்ற் றதர்போர்டின் ஆய்வுகூடம். ஹானின் கண்டுபிடிப்பை இங்கே முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினார்கள். ஆய்வுகூடம் இருந்த மக்டோனல்ட் கட்டடம் இன்று ஒரு நூலகம். புகையிலையில் பணம் சேர்த்து, புகைப்பவர்களைக் கண்டால் ஆகாத ஒரு செல்வர் கட்டிக் கொடுத்தது அது. றதர்போர்டோ ஓயாத புகைகாரர்.

கதை அதோடும் முடியவில்லை. றதர்போர்டின் நண்பர் போல்ற்வுட் 1907இல், கல்லில் சேர்ந்துள்ள ஈயத்தை அளந்து அதன் வயதைக் கணக்கிட்டார். அவர் பட்டியலில் மிக மூத்ததாக நின்றது இலங்கைத் தோரியனைற்: 220 கோடி வருடம். தொகை பிழை. தோரியமும் சிதைந்து ஈயமாகும் என்பது அப்போது கணக்கில் வரவில்லை. ஆனாலும் பூமியின் வயதைக் கோடிக்கணக்கில் எண்ணும் வழி அங்கேதான் திறந்தது.

இந்தச் சங்கிலியில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் முதல் கண்ணி. சரளையை அலசியவர்களின் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் எங்கள் கண்ணில் படுவதில்லை. கறுப்பு மணியை எடுத்து, இது என்ன என்று கேட்கும் தகுதி பெற்ற இலங்கையர் ஒருவர் அங்கே நிற்க முடிந்தது, அவர் தாய் இங்கிலாந்தில் வளர்த்ததால். இலங்கையில் அப்போது பல்கலைக்கழகமே இல்லை. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது 1921இல். குழிக்குள் இறங்கியவர்களின் பிள்ளைகளிலும் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய மூளைகள் இருந்திருக்கும். அவர்களைக் களத்துக்கு அழைக்க ஆளில்லை.

களம் அழைத்தவரையும் சும்மா விடவில்லை. கல்லைத் தேடிக் கண்டிக் கிராமங்களுக்குள் போன குமாரசுவாமி, மனைவி எதெல் புகைப்படம் எடுக்க, அழிந்துகொண்டிருந்த கைவினைகளைப் பார்த்தார். 1908இல் வந்த அந்தப் பெரிய கலை நூலின் வேர் இந்த நடையில்தான் இருக்கிறது. மேசையில் இருந்து கனிப்பொருள் பார்த்திருந்தால் அது எழுதப்பட்டிருக்காது என்பது என் துணிபு.

மொன்றியலும் களத்தால் வளர்ந்த நகரம்தான். இங்கே பிறந்த வில்லியம் லோகன் 1842இல் தொடங்கிய கனடாப் புவிச்சரித அளவை, 1881இல் ஒட்டாவா போகும்வரை இந்த ஊரில்தான் இருந்தது. மக்கிலின் பிராங்க் டோசன் அடம்ஸ் ஓய்வு பெற்றபின் இலங்கைக்கே போய் நடந்து, 1929இல் அதன் புவிச்சரிதத்தை நீண்ட கட்டுரையாக எழுதினார். போகிறவர் யார் என்பதில்தான் சிக்கல். 1909இல் அளவையில் சேர்ந்த அலிஸ் வில்சனை ஆண்களோடு தொலைதூர முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். அவர் ஒட்டாவாவைச் சுற்றிக் கால்நடையாகவும் சைக்கிளிலும் திரிந்தார். ஆண்களுக்கு அளவை வண்டி கொடுத்தது. அவர் சொந்தக் காசில் வாங்கினார். ஒட்டாவா - சென் லோரன்ஸ் தாழ்நிலம் பற்றிய அவருடைய நூல் 1946இல் வந்தது. அனுப்ப மறுத்ததால் கிடைத்த களம் அது. அதை அளவையின் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அப்படி எழுத வராது.

நான் இந்த ஊரில் மண்ணைத் துளைத்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். பழைய தொழிற்சாலை நிலத்தில் எண்ணெயும் ஈயமும் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. கோடையில் இளங்கலை மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். ஹெயிற்றி, அல்ஜீரியா, வியட்நாம், யாழ்ப்பாணம் என்று பெற்றோரின் ஊர்கள். புத்தகத்தில் எல்லோரும் கெட்டிக்காரர். சென் லோரன்ஸ் கரைக் களிமண்ணை முதல் நாள் அவர்கள் கையில் கொடுப்பேன். பனியுகம் முடிந்து இந்த வெளியை மூடிக் கிடந்த சாம்ப்ளேன் கடல் விட்டுப்போன மண் அது. கட்டியாக, உறுதியாக இருக்கும். கொஞ்சம் பிசைந்தால் கூழாக ஓடும். உப்பை நன்னீர் கழுவிக்கொண்டு போனதால் துகள்களின் பிடி தளர்ந்த மண். 2010 மே மாதம் சென் ஜூட் கிராமத்தில் இந்த மண் சரிந்து ஒரு வீட்டையும் உள்ளேயிருந்த நால்வரையும் கொண்டுபோனது. பிசைந்து பார்த்த பிள்ளைக்கு அதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நாள் பிசைவது போதாது. கியூபெக்கில் 2001இலிருந்து புவிச்சரிதவியலாளர் என்ற தொழிற்பெயரைத் தொழில்முறைச் சபை ஒன்று காக்கிறது. அது கேட்கும் அறிவில் களமுறைகளும் அடக்கம். அதற்குக் களப்பள்ளிக்குப் போகவேண்டும்: கிழமைக்கணக்கில் கூடாரம், இரும்பு முனைச் சப்பாத்து, மழைச்சட்டை, நித்திரைப் பை. சின்ன வயதிலிருந்து ஏரிக்கரையில் கூடாரம் அடித்து வளர்ந்தவர்களுக்கு இது விடுமுறை மாதிரி. பார்க் எக்ஸ்ரென்சனில் வளர்ந்து, சனி ஞாயிறு பலசரக்குக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு மூன்று கிழமைச் சம்பளம் போகிறது. போன கோடையில் எங்களிடம் இருந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று களப்பள்ளிக்குப் பெயர் கொடுக்காமலே விட்டிருந்தது. தாயைக் கேட்டேன். "கல்லுடைக்கவோ நான் இவளைப் படிப்பிச்சனான்?" என்றார். பிறகு மெதுவாக, "பக்கத்துக் கூடாரத்தில ஆர் படுக்கிறது?" என்றார். இரண்டாவதுதான் உண்மையான கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. அதற்கு ஒழுங்கான பதிலை எழுத்தில் வைத்திருக்கும் துறைகள் இருக்கின்றன. வைத்திராத இடங்களில் பிள்ளைகள் சத்தமில்லாமல் வேறு பாடத்துக்கு மாறிவிடுகிறார்கள். பேராசிரியர்கள் அதை ஆர்வக்குறைவு என்று எழுதிக்கொள்கிறார்கள்.

தாயையும் மகளையும் சென் மிஷேலில் உள்ள பிராங்கோன் கற்குழிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். நகரம் தன் தெருப்பனியைக் கொட்டும் பெரும் பள்ளம் அது. கோடையிலும் அடியில் அழுக்குப் பனிமலை கிடந்தது. இந்தக் குழியில்தான் 1960களில் அளவையைச் சேர்ந்த ஆன் சபீனா புதிய கனிப்பொருள் ஒன்றைக் கண்டெடுத்தார். லோகனின் நினைவாக அது வெலோகனைற் ஆயிற்று. பின்னர் இதே குழியில் கிடைத்த வேறொன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள், சபீனைற் என்று. இவ்வளவையும் சொன்னேன். தாய் பனிமலையைப் பார்த்தபடி, "பஸ்ஸில வரக்கூடிய தூரத்திலயே இதெல்லாம் இருக்கெண்டால் பிறகேன் காட்டுக்குப் போகவேணும்?" என்றார்.

மகள் பதில் சொன்னாள். ஒரு கல்லை அல்ல, ஒரு பள்ளத்தாக்கை முழுவதாக நடந்து வரைந்தால்தான் கீழே தண்ணீர் எப்படிப் போகிறது என்று தெரியும் என்றாள். நான் வாய் திறக்கவில்லை. தாய் கூடாரங்களைப் பற்றி இன்னும் நாலு கேள்வி கேட்டார். அவற்றை ஒரு கடிதமாக எழுதித் துறைக்கு அனுப்பினோம். எழுத்தில் பதில் வந்தது. வருகிற மே மாதம் போகிறாள். சப்பாத்து எங்கள் களஞ்சியத்தில் இருக்கிறது. கடையில் லீவு கேட்பதுதான் மிச்சம்.