குப்பை, பிச்சை, வேண்டாம்: தமிழகத்தில் இழிபொருள் பெயர்களின் வரலாறு

குப்பம்மாள், பிச்சை, மூக்கன், தவிடன், மண்ணாங்கட்டி, அமாவாசை முதலிய பெயர்கள் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை தமிழகக் கிராமங்களில் சாதாரணமாக வழங்கின. இன்று இவற்றைக் கேட்கும் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். பெற்றோருக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை யோசிக்காமல் வைத்த பெயர்கள் அல்ல. மிகவும் யோசித்து வைத்தவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடவும் கூடாது. குழந்தையைக் காப்பதற்காக இட்ட பெயர் உண்டு, குழந்தை வேண்டாம் என்று இட்ட பெயர் உண்டு, பிறர் தாழ்த்துவதற்காகச் சுருக்கிய பெயரும் உண்டு. காதுக்கு மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

சாவை ஏமாற்றும் பெயர்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளில் 200 பேர் அளவில் ஒரு வயது முடிவதற்குள் இறந்தனர். ஐந்தில் ஒன்று. இது சராசரிதான்; ஒரே தாய்க்கு அடுத்தடுத்து மூன்று, நான்கு பிள்ளைகள் தங்காமல் போனதும் உண்டு. அரிவாளால் தொப்புள்கொடி அறுத்த வீடுகளில் பிறந்த சில நாட்களிலேயே பச்சிளம் குழந்தைகள் விறைத்து இறந்தன. அது இரணஜன்னி என்பது பலருக்குத் தெரியாது. அம்மை, காலரா, வயிற்றுப்போக்கு எல்லாம் அதற்குப் பிறகு. காரணம் தெரியாத இடத்தில் கண்ணேறு என்றார்கள், பேய் என்றார்கள். அழகான பிள்ளை, ஆசையாய் வளர்க்கும் பிள்ளை என்று தெரிந்தால்தானே எமன் கண் வைப்பான்? இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று அவனை நம்பவைத்துவிட்டால்?

இப்படித்தான் குப்பைச் சடங்கு வந்தது. பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்திக் கொல்லைப்புறக் குப்பைமேட்டில் வைப்பார்கள். வேறொரு பெண் போய் எடுத்துவந்து, குப்பையில் கிடந்த பிள்ளை இது, நீ வளர்த்துக்கொள் என்று பெற்றவளிடமே கொடுப்பாள். பிள்ளை ஆண் என்றால் குப்பன், குப்புசாமி. பெண் என்றால் குப்பாயி, குப்பம்மாள். ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காலக் குப்பை இன்றைய நெகிழிப்பைக் குவியல் அன்று. சாணமும் சாம்பலும் தழையும் மட்கி வயலுக்கு எருவாகப் போகும் குழி அது. உழவர் வீட்டில் குப்பை ஒரு சொத்து. சொல் தாழ்ந்ததுதான், ஆனால் நம் காதில் ஒலிக்கும் அளவுக்கு அருவருப்பானது அன்று.

தவிட்டுச் சடங்கும் இதே வகைதான். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு படித் தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். தவிடன், தவிட்டம்மாள் என்ற பெயர்கள் இப்படி வந்தவை. அடம்பிடிக்கும் குழந்தையிடம் ‘ஒன்னத் தவுட்டுக்குத்தான் வாங்குனோம்’ என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சில் இச்சடங்கு இன்னும் உயிரோடிருக்கிறது. சிறுவயதில் அதைக் கேட்டு அழாதவர் குறைவு.

பிச்சை என்பது வறுமையைக் குறிக்கும் பெயர் என்று நினைப்பது தவறு. பிள்ளை தங்க வேண்டும் என்று தாய் வீடுவீடாகச் சென்று முந்தானையை ஏந்தி வாங்கியது மடிப்பிச்சை. உயிர்ப்பிச்சை, மாங்கல்யப் பிச்சை என்று சொல்லும்போது கெஞ்சிப் பெற்ற வரம் என்றுதானே பொருள் கொள்கிறோம்? பிச்சைமுத்து, பிச்சையம்மாள், பிச்சையா ஆகிய பெயர்களில் இருப்பதும் அந்தப் பொருள்தான். கிறித்தவ வீடுகளிலும் பிச்சைமுத்து உண்டு. முஸ்லிம் வீடுகளில் பிச்சைக்கனி உண்டு. கீழத்தஞ்சைப் பகுதியில் இந்துக்களிடையே பரவலாக இருக்கும் பக்கிரிசாமி என்ற பெயரின் முற்பகுதி, ஃபக்கீர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நாகூர் தர்காவுக்கு மதம் பாராமல் நேர்ந்துகொள்ளும் பகுதி அது.

பிள்ளைகள் இறந்தபின் பிறந்த ஆண்குழந்தைக்கு மூக்குக் குத்துவதும் ஒரு காப்பு. ஆண்பிள்ளையைப் பெண்பிள்ளையாகக் காட்டி ஏமாற்றும் வழி, அல்லது உடலில் ஒரு குறையை நாமே உண்டாக்கிவிடும் வழி. மூக்கன், மூக்கையா, மூக்காயி என்ற பெயர்கள் இதையொட்டி எழுந்தவை.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இத்தகைய பெயர்களும் சடங்குகளும் பதிவாகியுள்ளன. தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று இது. தெலுங்கில் பெண்ட்டய்யா, கன்னடத்தில் திப்பண்ணா ஆகிய இரண்டின் வேரும் குப்பைமேடுதான். வங்காளத்தில் தவிட்டுக்குப் பதில் சோழி: மூன்று சோழிக்கு வாங்கியவன் தீன்கொடி, ஐந்துக்கு வாங்கியவன் பாஞ்ச்கொடி.

குப்புசாமியும் குப்பனும்

இப்பெயர்களை ஏழைகளின் பெயர்கள் என்றும் ஒரு சில சாதியாரின் பெயர்கள் என்றும் பலர் எண்ணுகிறார்கள். சாவு சாதி பார்க்கவில்லை. ஆகவே பெயரும் பார்க்கவில்லை. சென்னையில் புகழ்பெற்ற வடமொழிப் பேரறிஞர் எஸ். குப்புசாமி சாஸ்திரி (1880-1943). சிறுகதையிலும் புதுக்கவிதையிலும் முன்னோடியான ந. பிச்சமூர்த்தியின் (1900-1976) இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். ஆனால் உலகம் அறிந்தது பிச்சமூர்த்தியைத்தான். பி.கே. மூக்கையாத் தேவர் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருந்தவர். கூகுள் நிறுவனத் தலைவர் சுந்தர் பிச்சையின் பெயரை உலகமே உச்சரிக்கிறது.

வேறுபாடு வேரில் இல்லை, விகுதியில் இருந்தது. ஒருவர் குப்புசாமி ஐயர், இன்னொருவர் குப்புசாமி நாயுடு, வயலில் நாற்று நடுபவர் மட்டும் குப்பன். வீட்டில் ‘சாமி’ என்று சேர்த்து வைத்திருந்தாலும் ஆண்டை வாயில் அது நிற்காது. எழுபது வயது முதியவரை மிராசுதாரின் சிறுபிள்ளை ‘டேய் குப்பா’ என்று கூப்பிடுவதற்கு இந்தச் சுருக்கம் வசதியாக இருந்தது. எவரோ ஒருவர் என்று சொல்ல ‘குப்பன் சுப்பன்’ என்கிறோம். அந்த மரபுத்தொடரில் குப்புசாமி ஐயர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகம், பிராமணனின் பெயர் மங்கலத்தையும் சூத்திரனின் பெயர் இழிவையும் குறிக்க வேண்டும் என்று கூறுகிறது. அந்த நூலைப் படித்துவிட்டுத்தான் கிராமத்தில் பெயரைச் சுருக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுத்திலும் வழக்கிலும் இருந்த மனம் ஒன்றுதான்.

1994இல் வெளிவந்த அமைதிப்படை திரைப்படத்தில் அமாவாசை என்பவன் பதவிக்கு வந்ததும் நாகராஜ சோழன் ஆகிவிடுகிறான். மக்கள் ரசித்துச் சிரித்த காட்சிகள் அவை. பெயர் மாறினால்தான் நாற்காலி பொருந்தும் என்பதை எல்லோரும் அறிந்திருந்ததால்தான் அந்தச் சிரிப்பு வந்தது.

இழிபெயர் என்று நகரத்தார் நினைக்கும் சில பெயர்கள் இழிபெயர்களே அல்ல. சுடலை என்பது தென்மாவட்டங்களில் சுடலைமாடன். பாவாடை என்பது அங்காளம்மன் கோயில்களில் காவல் நிற்கும் பாவாடைராயன். பேச்சி, பேச்சியம்மன். குலதெய்வத்தின் பெயரைத் தாங்கியவரைப் பார்த்துச் சிரிப்பவர், தம் அறியாமையைத்தான் காட்டிக்கொள்கிறார். பிள்ளைக்கு என்ன பெயர் இடலாம் என்ற வாதமும் புதிதன்று. ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரியாழ்வார், காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு ஊராரின் பெயரைப் பிள்ளைக்கு இடாதீர்கள், திருமாலின் பெயரை இடுங்கள் என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பெயரிடும் உரிமைக்கு அப்போதே விலை இருந்தது போலும்.

வேண்டாம் என்ற பெயர்

இதுவரை கண்ட குப்பையும் தவிடும் பாசத்தின் பொய்கள். பிள்ளை வேண்டும் என்பதற்காகவே வேண்டாம் என்று நடித்தார்கள். பெண்குழந்தைகளுக்கு இட்ட சில பெயர்களில் நடிப்பு இல்லை.

மூன்றாவது, நான்காவது பெண்ணாகப் பிறந்தவளுக்கு ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயர் வைத்தார்கள். இப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. படித்த குடும்பங்களில் இதையே நாகரிகமாகச் செய்தார்கள்: கச்சேரியை முடிப்பதுபோல் மங்களம், இத்தோடு நிறைந்தது என்று சம்பூர்ணம். திருவள்ளூர் மாவட்டம் திருத்தணி அருகே நாராயணபுரம் என்ற ஊரில் பல பெண்களுக்கு வேண்டாம் என்ற பெயர் இருப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாள்கள் வெளியிட்டன. குப்பன் என்ற பெயருக்குரியவன் தன் கதையைக் கேட்டால், நான் எவ்வளவு வேண்டப்பட்டவன் என்று அறிந்துகொள்வான். வேண்டாம் என்ற பெயருக்குரியவள் கேட்டால் என்ன அறிவாள்? பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் இது. ஒவ்வொரு நாளும் பத்துப் பேர் கூப்பிட்டு நினைவூட்டும் பெயரை வேடிக்கைப் பெயர்களின் பட்டியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மராட்டியத்தில் இதற்கு நகுஷா என்று பெயர். வேண்டாதவள் என்பதே பொருள். 2011 அக்டோபரில் சதாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்து, அப்பெயருடைய 285 பெண்களுக்குப் புதுப் பெயர் சூட்டியது. சிறுமிகள் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். சிலர் ஐஸ்வர்யா என்று நடிகையின் பெயரையும் சிலர் தெய்வப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளிப் பதிவேட்டில்

காப்புப் பெயர்கள் மறைந்ததற்கு நாகரிகம் மட்டும் காரணமில்லை. தாய்மாருக்கு இரணஜன்னித் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு எமனை ஏமாற்ற வேண்டிய தேவை குறைந்தது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 1000க்கு 13 குழந்தைகளே ஒரு வயதுக்குள் இறந்தன. பிழைப்போமா என்ற கேள்வி போனபின், பெயர் அழகாக இருக்கிறதா என்ற கேள்வி வந்தது. இன்று எண்கணிதம் பார்த்து, இரண்டு வடமொழி எழுத்தைச் சேர்த்து, பொருளே இல்லாத பெயரை வைக்கிறார்கள். அதற்கு மண்ணாங்கட்டி மேல் என்று சில சமயம் தோன்றும். அதற்காவது ஒரு பொருள் இருந்தது.

இடையில் நின்ற தலைமுறைதான் அதிகம் வருந்தியது. வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது பிச்சை என்றதும் வகுப்பு சிரிக்கும். அந்தப் பையன் ‘உள்ளேன் ஐயா’ என்பதை வாய்க்குள்ளேயே விழுங்குவான். சேர்க்கையின்போதே தலைமையாசிரியர் குமார், செல்வி என்று எழுதிவிடுவது அக்காலத்தில் சாதாரணம். நல்லெண்ணம்தான், ஆனால் பலமுறை பெற்றோரைக் கேட்காமலே நடந்தது. கேட்டிருந்தால் பெயரின் கதையைச் சொல்லியிருப்பார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறியபின் பெயரை மாற்ற வேண்டுமானால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும்.

வீட்டில் மட்டும் பழைய பெயரே நிலைத்தது. இன்றும் பத்திரங்களிலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளிலும் குமார் (எ) பிச்சை, செல்வி (எ) குப்பம்மாள் என்று காணலாம். பள்ளிச் சான்றில் ஒரு பெயரும் பட்டாவில் வேறொரு பெயரும் இருந்தால் இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கிறது. நிலம் பாகம் பிரிக்கும்போதுதான் பல பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் முதல் பெயரே தெரியவருகிறது.