சுவருக்குப் பின்னால் நிற்கும் நீர்

மழைநீருக்கு வழிவிட்டு வீதியைத் தாங்கி நிற்கும் மதகை நம்மிற் பலர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அது இடிந்து வீதி அறுந்த அன்றுதான் அதன் அருமை புலனாகின்றது. மதகின் சுவரைச் சாய்ப்பது அதனூடே பாயும் வெள்ளமே என எண்ணுதல் இயல்பு. ஆயின், சுவருக்குப் பின்னே மண்ணுள் மறைந்து தேங்கும் நீரும் அதற்குக் கொடும் பகையாகும். இவ்வுண்மையை மனிதன் கற்றறிந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பிரான்சு நாட்டு இராணுவப் பொறியியலாளரான கூலோம் என்பார், 1764ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மாட்டினிக்கிற் கோட்டை கட்டும் பணிக்கு அனுப்பப்பட்டார். அங்கு எட்டாண்டுகள் உழன்று திரும்பிய அவர், மண் சுவரின்மீது செலுத்தும் விசையைக் கணிக்கும் வழியை ஆராய்ந்து, 1773இற் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திற் கட்டுரை வாசித்தார். 1776இல் அது அச்சேறியது.

1824இல் இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் போட்லந்துச் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். 1867இற் பிரான்சியத் தோட்டக்காரரான யோசப் மொனியே, இரும்புக் கம்பிவலை பதித்த சீமெந்துத் தொட்டிகளுக்கு உரிமம் பெற்றார். கல்லின் உறுதியும் இரும்பின் இழுவைப் பலமும் இவ்வாறு ஒன்றாயின. எனினும், வெடிப்பின் வழியே ஈரமும் காற்றும் புகுந்தாற் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பினும் மிகுதியான இடத்தை வேண்டுவதால், கொங்கிறீற்று உள்ளிருந்தே பிளந்து உதிரும்.

மண்ணுள் நிற்கும் நீரின் இயல்பைத் தெளிவாக விளக்கியவர் கார்ல் தெர்சாகி. இஸ்தான்புல் நகரில் ஆசிரியராயிருந்து பரிசோதனைகள் நடத்திய அவர், 1925இல் மண்ணியக்கவியல் பற்றிய தமது நூலை வெளியிட்டார். துகள்களிடையே உள்ள நீரின் அழுத்தம் ஏறுந்தோறும் மண்ணின் பிடிப்புத் தளரும் என்பது அவர் காட்டிய உண்மை. நீரின் தனி விசையும் சிறிதன்று. சுவருக்குப் பின்னே 3 மீற்றர் உயரத்துக்கு நீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் அந்நீர் மட்டுமே ஏறத்தாழ 4.5 தொன் விசையுடன் தள்ளும்.

இவ்வரலாறு பழுதுபார்ப்போனுக்குக் கூறும் நெறி யாது? சாய்ந்து வரும் சுவருக்கு முதலில் முட்டுக்கொடுத்தல் வேண்டும். பின்பக்க மண்ணை அகற்றிச் சரளைக்கல் இட்டு, அதனுள் மண் புகாதவாறு வடிகட்டும் படையும் அமைத்து, நீர் வெளியேறச் சுவரின் அடிப்பகுதியிலே துளைகள் விடுதல் வேண்டும். அதன்பின், உதிரும் கொங்கிறீற்றை உறுதியான பகுதி தோன்றும்வரை கொத்தியெடுத்து, கம்பியின் துருவைச் சுற்றிலும் நீக்கி, மெலிந்தவற்றுக்குத் துணையாகப் புதுக்கம்பி கட்டிப் புதுக்கொங்கிறீற்று இடலாம். இட்டதைச் சில நாட்கள் ஈரமாக வைத்துக் காத்தலும் இன்றியமையாதது.

நீருக்கு வழிசெய்யாது முகப்பை மட்டும் பூசி மெழுகுதல், புண்ணை மூடி மறைப்பதை ஒக்கும். பூச்சு அழகாய்த் தோன்றும். அடுத்த மாரியில் மீண்டும் வெடிக்கும். சுவரிலுள்ள சிறு துளையொன்று அடைபட்டிருக்கக் கண்டால் அதனைத் திறந்துவிடுதல், ஒரு வீதியையே காக்கும் செயலாகலாம்.