கிடையே காப்பகம்: தென்காசிச் சீமையின் செம்மறி இனங்கள்

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. அதற்கு முன் அது நெல்லைச் சீமையின் மேற்கு ஓரம். சிற்றாறும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் குற்றாலச் சாரலும் நனைக்கும் நெல்வயல்கள் ஒரு பக்கம். சங்கரன்கோவிலை நோக்கிப் போகப் போக விரியும் வறண்ட புஞ்சையும் கரிசலும் மறுபக்கம். இவ்விரு நிலங்களுக்கும் இடையே பருவந்தோறும் நடந்த மந்தைகளே இப்பகுதியின் செம்மறி இனங்களை உருவாக்கின என்பது என் கருத்து. அந்த நடை நின்றால் இனமும் நிற்காது.

இங்கே முதலில் சொல்ல வேண்டியது செவ்வாடு. சிறிய உடல், செம்பழுப்பு நிறம்; பெயரே நிறத்தைச் சொல்லிவிடுகிறது. அடுத்தது கீழக்கரிசல். மேலே அடர்பழுப்பு, வயிறும் கால்களும் கருப்பு. கடாவுக்கு முறுக்கிய தடித்த கொம்பு உண்டு, பெட்டைக்குக் கொம்பில்லை. இதற்கு ‘அடிக்கரைசல்’ என்றும் பெயர் வழங்குவதால், அடிப்பக்கம் கருத்த ஆடு என்று பொருள் கொள்வதே பொருந்தும். இரண்டும் கம்பளி தராத முடியாடுகள். கம்பளியை அளவுகோலாகக் கொண்டு ஆட்டை மதித்தவர்கள் இவற்றின் அருமையைக் காணத் தவறினர்.

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்புக்காக ஆர்.எம். ஆச்சார்யா எழுதி 1982இல் வெளிவந்த நூல், தமிழகத்துச் செம்மறி இனங்களாக எட்டைப் பட்டியலிட்டது. கீழக்கரிசலும் வேம்பூரும் அதில் இடம்பெற்றன, செவ்வாடு இல்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் செவ்வாட்டைத் தனி இனமாகப் பதிவு செய்தது அதற்கும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான். தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள் அறிந்திருந்த ஒன்று ஏட்டில் ஏற இத்தனை காலம் பிடித்தது.

இனத்தைக் காத்தது கிடை. பிசான நெல் அறுவடை முடிந்ததும் வயல்காரர் மந்தைத் தலைவரான கீதாரியிடம் பேசி வைப்பார். பகலெல்லாம் தாளிலும் வரப்பிலும் குளத்து உள்வாயிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலிலேயே மறித்துக் கிடத்துவார்கள். குட்டிகளைக் கூடுகளில் அடைப்பார்கள். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு நகரும். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் சேரும். கூலி நெல்லாகவோ பணமாகவோ வரும். ஆடு விற்காத மாதத்திலும் இந்த வருமானம் இருந்ததால்தான் பெரிய மந்தைகளை வைத்திருக்க முடிந்தது. பெரிய மந்தை இருந்தால்தான் நல்ல கடாவைத் தேர்ந்தெடுத்து நிறுத்த முடியும். நெடுந்தூரம் நடக்காத ஆடும், வெயிலில் துவண்ட ஆடும் மந்தையில் நிலைக்கவில்லை. எந்தப் பண்ணையும் வகுக்காத தேர்வு முறை இது. கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமல்ல.

1960களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சியோடு மூட்டை உரம் வந்தபின் கிடைக்கான தேவை சுருங்கியது. அடுத்து மேய்ச்சல் நிலம் குறைந்தது. சீமைக்கருவேலம் குளங்களுக்குள் புகுந்தது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் எழுந்தன, தரிசுகள் மனைகளாயின. கிடைக்கூலி போய் இறைச்சி எடை மட்டுமே வருமானம் என்றானபோது, எடை கூடிய வெளியூர்க் கடாவைச் சேர்ப்பது மேய்ப்பவருக்கு நியாயமான முடிவாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் கலப்பு அங்கேதான் நுழைகிறது.

அப்படியானால் பண்ணை அமைத்துக் காக்கலாமா? சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978இல் தொடங்கிய மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம், ஓர் இனத்துக்கென்று நிலையம் இருப்பதன் பயனைக் காட்டியிருக்கிறது. ஆயினும் ஒரே இடத்தில் வைப்பதில் ஆபத்துண்டு. 1997-98இல் தமிழகத்தில் பரவிய நீலநாக்கு நோய் செம்மறிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. பிரிட்டனில் அரிய இனங்களுக்காக 1973இல் தொடங்கிய அறக்கட்டளை, மறு ஆண்டே லிங்கா ஹோம் என்ற தீவை வாங்கி, நார்த் ரொனால்ட்சே ஆடுகளின் இரண்டாவது மந்தையை அங்கே குடியேற்றியது இப்படியோர் அச்சத்தால்தான்.

வன உயிரினச் சரணாலயமும் நம் ஆட்டினங்களுக்குப் புகலிடமாகாது. நெல்லை வன உயிரினச் சரணாலயம் 2015இல் அமைந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்ச்சலைத் தடுத்து, பின் அத்தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று வரையறுத்தது. காட்டைக் காக்க அது தேவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது காட்டுக்கு வெளியே மேய்ச்சல் புறம்போக்கும் குளத்து உள்வாயும் ஆட்டுக்கு மிஞ்சியாக வேண்டும்.

ஆகவே செவ்வாட்டையும் கீழக்கரிசலையும் காக்க நினைப்போர் கீதாரியிடமிருந்து தொடங்க வேண்டும். கலப்பில்லாத மந்தைகளை ஊர்வாரியாகக் கணக்கெடுங்கள்; நல்ல கடா வைத்திருப்பவருக்கு ஊக்கத்தொகை கொடுங்கள்; கிடை நடக்கும் தடங்களை வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வயலுள்ள வாசகர்கள் இந்தக் கோடையில் ஒருமுறை கிடை போட்டுப் பாருங்கள்.