இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கிச் சாயங்கள்

உயிருள்ள செல்லைக் கொல்லாமல் அதனுள் நடப்பதைக் காட்டும் ஒளிர்சாயங்கள். வழக்கமான ஒளிர்வு நுண்ணோக்கியில் சாய மூலக்கூறு ஒரு ஃபோட்டானை உறிஞ்சி ஒளிர்கிறது. இங்கோ ஏறக்குறைய பாதி ஆற்றலுள்ள இரண்டு ஃபோட்டான்களை ஒரே கணத்தில் உறிஞ்சுகிறது. இது சாத்தியம் என்பதை மரியா கோப்பெர்ட் மேயர் 1931-இல் வெளியான ஆய்வில் நிறுவினார். சாயங்களின் இந்த உறிஞ்சுதிறனை இன்றும் அவர் பெயர் கொண்ட அலகில்தான் அளக்கிறார்கள். இம்முறையில் இயங்கும் நுண்ணோக்கி வந்தது 1990-இல்: கார்னெல் பல்கலைக்கழகத்தின் டெங்க், ஸ்டிரிக்லர், வெப் மூவரின் ஆக்கம்.

ஒளி குவியும் புள்ளியில் மட்டுமே சாயம் ஒளிர்வதால், மேலும் கீழும் உள்ள திசுவில் சாயம் வீணாக நிறமிழப்பதில்லை. பாதி ஆற்றலுள்ள இந்த ஃபோட்டான்களாலான அகச்சிவப்பு ஒளி குறைவாகவே சிதறும் என்பதால் எலி மூளைக்குள் அரை மில்லிமீட்டர் ஆழம் வரை தெளிவாகப் பார்க்கலாம்.

சாயத்தைச் செல்லுக்குள் சேர்ப்பதுதான் சிக்கல். 1981-இல் ரோஜர் சியென் கால்சியம் காட்டும் மூலக்கூறுகளைச் செல் சவ்வைக் கடக்கவிடாமல் தடுக்கும் மின்னூட்டத்தை எஸ்டர் தொகுதிகளால் மறைத்தார். அவை சவ்வைக் கடந்ததும் செல்லின் நொதிகளே அந்த மறைப்பை வெட்டிவிட, சாயம் உள்ளே தங்கிவிடுகிறது. இத்துறையின் மிக நேர்த்தியான வேதியியல் உத்தி இதுவே. ஆரெகான் கிரீன் பாப்டா-1 என்ற சாயம் நரம்புச் செல் துடிக்கும்போது உள்ளே கூடும் கால்சியத்தோடு பிணைந்ததும் பளிச்சிட்டு, அத்துடிப்பைக் காட்டும்.

ஒற்றை ஃபோட்டானில் நன்கு ஒளிரும் சாயம் இம்முறையிலும் அவ்வாறே ஒளிரும் என்று நம்பக்கூடாது. அதன் இரட்டை ஃபோட்டான் நிறமாலையைத் தனியே பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.