நூரம்பர்க் மன்றில் பேசியவரும் பேசாதவரும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஹிட்லர் ஆட்சிக்குத் துணைபோன ஜெர்மானிய நீதிபதிகள் மீதும் சட்டத்துறை அதிகாரிகள் மீதும் அமெரிக்கர் தொடுத்த வழக்கு 1947ஆம் ஆண்டு நூரம்பர்க் நகரில் நடைபெற்றது. குற்றஞ் சாட்டப்பெற்றோர் 16 பேர். அவ்வழக்கைத் தழுவி ஸ்டான்லி கிராமர் 1961இல் வெளியிட்ட 'ஜட்ஜ்மெண்ட் அட் நூரம்பர்க்' என்னும் திரைப்படத்தில் கூண்டில் இருப்பவர் நால்வரே. இவ்வாறு சுருக்கியதில் குறை காண்பதற்கில்லை. ஆனால், அம்மன்றில் வாய்திறக்க இடம் பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது, வரலாறு கற்பிக்கும் நம்போன்றோர் கருதிப் பார்க்கத் தக்கது.

ஆசிரியர் எவரும் மறக்கவியலாத காட்சி ஒன்று அதில் உண்டு. பீட்டர்சன் என்னும் ரொட்டிக் கடைப் பணியாளர் சாட்சி கூற வருகிறார். அறுவை செய்து மலடாக்கப்பட்டவர் அவர். அவருடைய தந்தையார் பொதுவுடைமைக் கட்சியினர். அதுவே உண்மைக் காரணம் என்பது வழக்குத் தொடுத்தோர் கூற்று. நீதிபதிகளுக்காக வாதாடும் ரோல்ஃப் என்பவரோ, அவர் பள்ளியில் தேர்ச்சி பெறாததை எடுத்துக்காட்டி, முயல், வேடன், வயல் என்னும் மூன்று சொற்களையும் அமைத்து ஒரு வாக்கியம் சொல்லுமாறு கேட்கிறார். பீட்டர்சனால் இயலவில்லை. நாம் கீழ்வகுப்புகளில் நாள்தோறும் கொடுக்கும் பயிற்சியன்றோ இது! ஒருவன் தந்தையாகலாமா, ஆகாதா என்று முடிவு செய்யும் அளவுகோலாக அதனை ஆக்கிவிட்டனர்.

பீட்டர்சனாவது மன்றேறிப் பேசினார். படத்தில் ஃபெல்டன்ஸ்டைன் எனப்படும் யூத முதியவரோ முன்பே கொல்லப்பட்டவர். இப்பாத்திரத்திற்கு மூலமானவர் லியோ காட்சன்பர்கர், காலணி வணிகர், நூரம்பர்க் யூத சமூகத்தின் தலைவர். 'ஆரிய'ப் பெண்ணொருத்தியுடன் தகாத உறவு கொண்டார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட பழி. 1935ஆம் ஆண்டு இனச் சட்டத்தில் இதற்கு மரண தண்டனை கிடையாது. ஆகவே, விளக்கணைப்பு இருளைத் தமக்கு வாய்ப்பாக்கிக் கொண்டார் என்று போர்க்காலச் சட்டம் ஒன்றை அதனோடு பிணைத்து, 1942 மார்ச்சில் நீதிபதி ரோத்தாக் அவருக்கு மரண தண்டனை விதித்தார். ஜூன் மாதம் தலை வெட்டப்பட்டது. அகவை 68.

இவர் கதையை ஒரு ஜெர்மானியப் பெண்ணின் வாயால்தான் படத்தில் கேட்கிறோம். முதன்மைப் பாத்திரங்களுள் யூதர் ஒருவரும் இலர். முகாம்களில் எடுத்த மெய்ப்படம் திரையிடப்படும்போது, பெயரற்ற உடல்களாகவே அவர்கள் தோன்றுகின்றனர். மாண்டவர் சாட்சி கூற முடியாது என்பது மெய்யே; எனினும் தப்பிப் பிழைத்த யூதர் ஒருவரையேனும் மன்றில் ஏற்றியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மற்றொரு மௌனமும் உண்டு. பலரை மலடாக்கும் முறைக்கு அமெரிக்க மாநிலமான வர்ஜீனியாவின் சட்டமே முன்னோடி என்றும், 1927இல் உச்சநீதிமன்ற நீதிபதி ஹோம்ஸ் அதனை ஏற்றார் என்றும் ரோல்ஃப் சுட்டுகிறார். கூர்மையான வாதம். ஆனால், அதே வர்ஜீனியாவில் வெள்ளையரும் கறுப்பரும் மணந்து கொள்வதைக் குற்றமாக்கிய சட்டம் ஒன்று 1924 முதல் இருந்து வந்ததே, அதனை அவர் தொடவில்லை. ஃபெல்டன்ஸ்டைன் வழக்கிற்கு அதைவிட நெருங்கிய ஒப்புமை வேறேது? படம் வெளிவந்த ஆண்டிலும் அச்சட்டம் செயலில் இருந்தது. 1967இல்தான் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது.

நூரம்பர்க்கில் தண்டனை பெற்ற 99 பேருள் எவரும் இப்போது சிறையில் இல்லை என்னும் அறிவிப்புடன் படம் முடிகிறது. ஆயுள் தண்டனை பெற்ற ரோத்தாக் 1956இல் விடுதலையானார்.