பார்னெனேசுக் கற்குவையும் உருவொப்புமை ஆராய்ச்சியும்

இறந்தோரை அடக்கிய இடத்திற் கற்களைக் குவிக்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளிலும் இருந்தது. பாலை வழியில் ஆறலைப்போர் அம்பிற்கு இரையான வழிச்செல்வோர்மேல் எழுந்த கற்குவியலைச் சங்கச் சான்றோர் ‘பதுக்கை’ என வழங்கினர். இத்தகைய சின்னங்கள் தமிழகத்திலும் ஐரோப்பாவிலும் காணப்படுதல் கொண்டு, இருநிலத்தாரும் ஓரினத்தார் என்று துணிவாரும் உளர். 1872-இல் பெர்குசன் தம் நூலில் இருநாட்டுக் கற்சின்னங்களையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தார். அன்றுமுதல் இவ்வொப்புமை அறிஞர் உள்ளத்தை ஈர்த்து வருகின்றது. அதன் வலிமையை அளந்தறியப் பிரெஞ்சு நாட்டுப் பார்னெனேசுக் கற்குவை பெரிதும் துணைசெய்யும்.

பிரிட்டனிப் பகுதியின் வடகரையில், மொர்லே விரிகுடாவை நோக்கிய நாட்டுப்புற மேட்டுநிலம் ஒன்றில் இக்குவை அமைந்துள்ளது. நீளம் ஏறத்தாழ 72 மீட்டர். உயரம் 8 மீட்டருக்கு மேல். இதனுள் 11 கல்லறைகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் புறத்தேயிருந்து செல்லும் குறுகிய இடைகழி உண்டு. முதற்கண் 5 அறைகள் கொண்ட குவை ஒன்று அவ்விடத்துக் கருங்கல்லாகிய டோலரைட்டால் எழுந்தது. பின்னர் வந்தோர் அதனை ஒட்டி 6 அறைகள் கொண்ட பகுதியைச் சேர்த்தனர். அதற்கு வெண்ணிறம் சார்ந்த கிரானைட் மிகுதியாகப் பயன்பட்டது. இரண்டு காலத்து வேலைப்பாடும் கல்லின் நிறத்தாலேயே இன்றும் வேறுபட்டுத் தோன்றும். அறைச்சுவர்க் கற்கள் சிலவற்றில் கோடரி, வில், அலைக்கோடு முதலியன பொறிக்கப்பெற்றுள்ளன.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. நம் பதுக்கை, மாண்டாரை மூடியபின் மீளத் திறக்கப்படாதது. பார்னெனேசின் இடைகழியோ மீண்டும் மீண்டும் உட்புகுதற்கென அமைந்தது. அது வழியில் வீழ்ந்தார்க்குரிய குவியலன்று. ஒரு குடியினர் தம் முன்னோரை நாடிச் சென்று வந்த பொதுவிடம். புறத்தோற்றம் ஒத்தும் பயன் வேறாதல் இதனால் விளங்கும்.

1950-களின் நடுவில் இக்குவைக்குப் பேரிடர் நேர்ந்தது. சாலைக்குக் கல் வேண்டிய ஒப்பந்தக்காரர் ஒருவர் இதனைக் கற்சுரங்கமாகக் கொண்டு வெட்டலானார். அருகிருந்த சிறிய குவை முற்றும் அழிந்தது. பெரிய குவையில் 4 அறைகள் பிளவுண்டு வெளிப்பட்டன. அதன்பின்னரே வேலை தடுக்கப்பட்டது. பியேர் ரோலான் ஜியோ என்னும் அறிஞர் 1955 முதல் 1968 வரை அகழ்ந்தாய்ந்து, எஞ்சியதைச் செப்பனிட்டார். வெட்டுண்ட முகம் அவ்வாறே விடப்பட்டமையால், கற்களை வரிசைதோறும் சிறிது சிறிதாக உள்நீட்டி அடுக்கி மேலே குவியச் செய்த கூரையமைப்பை இன்று புறத்தே நின்றே காணலாம்.

இக்கூரையே ஆராய்ச்சிக்குத் திருப்பம் தந்தது. இத்தகைய கூரை கிரேக்க நாட்டு மைசீனியிலும் உண்டு. ஆதலின், கீழ்நாட்டு நாகரிகமே மேற்கு ஐரோப்பாவிற்கு இக்கல்லறைகளைக் கற்பித்தது என்று கருதினர். கோர்டன் சைல்டு போன்ற பேரறிஞரும் கூட்டுக்கல்லறை வழக்கம் கிழக்கினின்று பரவியதாகவே கொண்டனர். கரிமக் கணிப்பும், அதனைத் திருத்திய மரவளையக் கணக்கும் வந்தபின் அக்கொள்கை வீழ்ந்தது. பார்னெனேசின் தொடக்கம் கி.மு. 5-ஆம் ஆயிரத்தாண்டினது, மைசீனியின் புகழ்பெற்ற குவிகூரைக் கல்லறையினும் 3,000 ஆண்டுக்கு மேல் மூத்தது. மாணாக்கன் ஆசிரியனுக்கு முன்பிறந்தான் எனில், அவ்வாசிரிய உறவு நிலைபெறுமோ?

இவ்வளவை தமிழகத்திற்கும் பொருந்தும். நம் பெருங்கற்சின்னங்கள் பெரும்பாலும் இரும்பறிந்த மாந்தருடையன. பார்னெனேசை எழுப்பியோர் உலோகக் கருவியே அறியாத புதிய கற்கால உழவர். இடைப்பட்ட காலமும் நிலமும் மிகப் பெரியன. மேலும், அமிலத்தன்மை மிக்க அம்மண்ணில் எலும்புகள் நிலைக்கவில்லை. எலும்பும் எழுத்தும் மொழியும் விட்டுச் செல்லாதாரை நம் இனத்தார் எனல் ஆராய்ச்சியாகாது, விருப்பமே ஆகும். கல் உள்ள நாட்டில், இறந்தாரை மறவாத மாந்தர் கல்லைக் குவிப்பது இயல்பு. அவ்வியல்பே இவ்வொப்புமைக்குப் போதிய காரணமாகும்.

தமிழின் தொன்மைக்கு அயலார் கல்லறையில் சான்று தேட வேண்டுவதில்லை. நம் குன்றடிகளிலும் புன்செய்களிலும் உள்ள கற்குவைகளும் கல்வட்டங்களும் சல்லிக்கும் உழவிற்குமாக அழிந்து வருகின்றன. அங்குப் பாதி வெட்டுண்டபின்னரேனும் கை தடுக்கப்பட்டது. உறவு கூறி மகிழ்தலினும், இருப்பனவற்றை அளந்து, வரைந்து, காத்தலே நம் முதற்கடன்.